முதல் புகை

என் வீட்டுக்காரர் ஈவன் கடைசியாகச் செய்த வேலை, துணிப்பாம்பைக் காலால் தள்ளி வாசற்கதவின் அடியிலிருந்த இடுக்கை அடைத்தது. மணல் நிரப்பி நான் தைத்த பாம்பு அது.

"கதவை ஒழுங்கா சாத்து நோலீன். சூடெல்லாம் வெளிய போவுது."

"எந்தச் சூடு?"

"நம்ம உடம்புச் சூடுதான். அது மட்டும் சும்மாவா வருது?"

மூன்று ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நின்று சொன்னார். சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போனார்.

உலகின் தென்கோடியில், ஜூனில் குளிர்காலம் தொடங்கும் டனீடினில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜூன் தொடக்கத்தில் ராணியின் பிறந்தநாள் விடுமுறை வரும்வரை யாரும் கணப்பு மூட்டமாட்டார்கள். அதற்கு முன்பே மூட்டுகிறவர்களை, வடக்கே வெதுவெதுப்பில் வளர்ந்த ஆக்லாந்துக்காரர்கள் என்போம். இதைவிடக் கேவலமான வசவு எங்களிடம் இல்லை. விடுமுறை முடிந்த பிறகு ஈவனும் வேலிக்கு அந்தப்பக்கத்து ட்ரெவரும் தனியாக ஒரு போட்டி நடத்துவார்கள். யார் வீட்டுப் புகைபோக்கியில் முதலில் புகை வருகிறதோ அவர் தோற்றவர். இருபத்து மூன்று வருடமாக இதுதான். விறகு இரண்டு வீட்டிலும் கூரை முட்ட அடுக்கியிருக்கும்.

அந்த வருடம் ஜூலை பாதி தாண்டியும் இருவரும் அசையவில்லை. ஈவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அறை பதினெட்டு டிகிரிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். எங்கள் அறை பதினொன்றில் இருந்தது.

"டாக்டர் எந்த ஊருன்னு கேட்டியா?" என்றார் ஈவன்.

"ஆக்லாந்து."

"அதான பாத்தேன். ட்ரெவர் வீட்ல புகை வரட்டும், அடுத்த நிமிஷம் நானே மூட்டறேன்."

நான் ட்ரெவரின் மனைவி ஷோனாவிடம் போனேன். அவள் கையுறையோடு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல எப்போ புகை வரும்னு எங்காளு ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கறான்டி. பூனை வீட்டை விட்டே ஓடிப்போச்சு."

"ஈவனுக்கு மூச்சு இழுக்குது ஷோனா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மூட்டிவிடுவது, தோற்றவர் யாரும் இல்லை என்று முடிவுசெய்தோம். கடிகாரங்களைக்கூடச் சரிபார்த்துக்கொண்டோம்.

அந்தச் சனிக்கிழமைதான் ஈவன் பாம்பை அடைத்துவிட்டு, வழக்கம்போல ட்ரெவர் வீட்டுப் புகைபோக்கியைக் கண்காணிக்கப் போனது. நான் தீக்குச்சியைக் கிழித்தேன். சுள்ளி நன்றாகப் பற்றிக்கொண்டது. சற்று நேரத்தில் தோட்டத்திலிருந்து குரல் கேட்டது.

"நோலீன்! தோத்துட்டான்! ட்ரெவர் தோத்துட்டான், ஓடி வா!"

ஓடினேன். விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்து, வேலியில் சாய்ந்து, ட்ரெவரின் புகையைப் பார்த்தபடியே இருந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் புகைபோக்கியிலிருந்தும் நிறையப் புகை போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். காகிதம் எழுத உள்ளே உட்கார்ந்தபோது, வீடு கதகதப்பாக இருக்கிறதே என்றும் சொன்னார்கள். சுவரிலிருந்த வெப்பமானி பதினெட்டு காட்டியது.

அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ட்ரெவர் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நோலீன், ஒண்ணு சொல்லணும். உங்க புகைதான் முதல்ல வந்துச்சு. அரை நிமிஷம் முந்தி. என் கண்ணால பாத்தேன்."

ஷோனா அவன் காலை மிதித்தாள்.

"இரு, முடிச்சிடறேன். தெருவுல எல்லார்கிட்டயும் நான்தான் தோத்தேன்னு சொல்லிட்டேன். நீ மாத்திச் சொல்லிடாதே" என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

இப்போது ஏப்ரலிலேயே மூட்டிவிடுகிறேன். யாரும் என்னை ஆக்லாந்துக்காரி என்பதில்லை. பிற்பகல் முழுக்க விறகு எரிகிறது. ஆனாலும் படுக்கையறை ஜன்னலில் பனி இன்றும் உள்பக்கமாகத்தான் உறைகிறது.