எண் இல்லாத வரிகள்

சராசரி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன் மட்டும் அன்று என் கையில் கிடைத்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

எங்கள் பஸ் கம்பெனியில் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கருவி உண்டு. பிரேக்கின் காற்றழுத்தம், வேகம், வண்டி இருக்கும் இடம் என்று எல்லாவற்றையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செய்தியும் திரையில் ஒரு வரியாக விழும். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அந்தக் குவியலில் தேடுவது என் வேலை. எதன்படி பிரிக்க வேண்டும், எதைக் கணக்கிட வேண்டும் என்று எழுதினால் போதும், திரை பிரித்துக் கொடுத்துவிடும்.

என் அண்ணன் அங்கேதான் டிரைவர், மலைப்பாதையில். "பிரேக்க மிதிச்சா தொளதொளன்னு இருக்கு பாப்பா" என்று முந்தின நாள் சொன்னான். ஒர்க்‌ஷாப்பில் "கம்ப்யூட்டர்ல காட்டுச்சுன்னா பார்க்கிறோம்" என்று கைகழுவிவிட்டார்களாம். வண்டி எண்வாரியாகப் பிரித்து சராசரி அழுத்தத்தைக் கேட்டேன். அவன் வண்டி எல்லாவற்றையும்விட நன்றாகவே இருந்தது. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் வயசாகுது" என்று கிண்டல் வேறு செய்தேன்.

மறுநாள் காலை அதையே மேனேஜருக்கு அனுப்ப எடுத்தபோது ஏதோ உறுத்தியது. வண்டிவாரியாக வந்த வரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், மேலே காட்டிய மொத்தம் வரவில்லை. மீதி வரிகள் எங்கே போயின?

வண்டி எண் காலியாக இருக்கும் வரிகளை இந்தத் திரை எந்தக் குழுவிலும் சேர்க்காது, சத்தமில்லாமல் விட்டுவிடும். தெரிந்த சங்கதிதான், மறந்து தொலைத்தேன். காலி வரிகளை மட்டும் எடுத்து மிகக் குறைந்த அழுத்தத்தைக் கேட்டேன். பிரேக் பிடிக்கவே பிடிக்காத அளவுக்குக் குறைந்த எண் வந்தது. அழுத்தம் திடீரென்று விழும்போது கருவி ஒரு அவசரச் செய்தி அனுப்பும். அதில் வண்டி எண் இருக்காது, கருவியின் எண் மட்டுமே இருக்கும். மோசமான கணங்கள் எல்லாம் சராசரியில் சேராமலே ஒதுங்கியிருந்தன.

கருவி எண்வாரியாகப் பிரித்தேன். எல்லாம் ஒரே கருவியிலிருந்து வந்திருந்தன. அண்ணன் வண்டியின் கருவி. வண்டி அப்போது மலை உச்சியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டு, அவன் எடுத்ததும் கத்தினேன். "அண்ணா, வண்டிய ஓரங்கட்டு! பிரேக் போயிடும்!"

"எந்த வண்டிய? நான் டிப்போல டீ குடிச்சிட்டிருக்கேன். மீசைக்காரருக்கு இன்னைக்கு வண்டி இல்லன்னாங்க. நீதான் நல்லா இருக்குன்னு சொன்னியே, என்னோடத அவருக்குக் குடுத்துட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மீசைக்காரர் அண்ணனோடு பல வருஷமாக ஓட்டுபவர். என்னை எங்கே பார்த்தாலும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்காமல் போக மாட்டார். அவருக்குப் பின்னால் பஸ் நிறைய ஜனம்.

கண்டக்டரின் எண்ணைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் போட்டேன், அதே பதில். திரையைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க எண் இல்லாத வரிகள் கூடிக்கொண்டே போயின. அழுத்தம் இறங்கியது, வேகம் ஏறியது. அடுத்த முறை புதுப்பித்தபோது வேகம் பூஜ்ஜியம்.

ஓரமாக நிறுத்தினாலும் பூஜ்ஜியம்தான், மோதி நின்றாலும் பூஜ்ஜியம்தான். இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்கு எந்தத் தேடலும் எழுதத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். மேனேஜர் ஓடி வந்தார், நடந்ததைச் சொன்னேன்.

யாரோ ஒரு பயணியின் எண்ணிலிருந்து போன் வந்தது. மீசைக்காரர்தான்.

"கண்ட்ரோல் ரூமா? பிரேக் பிடிக்கலம்மா. கியரக் குறைச்சு மண்மேட்டுல ஏத்தி நிறுத்திட்டேன். ஜனங்க தப்பிச்சாங்க. கண்டக்டர் பையனுக்கு மட்டும் கை ஒடிஞ்சிருச்சு. ஆம்புலன்ஸ் அனுப்பு."

"இதோ அனுப்பறேங்க."

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் குழந்தைகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும். வண்டிய செக் பண்ணி நல்லா இருக்குன்னு யாரோ சொன்னாங்களாமே. யாரும்மா அது?"

"கருவிக் கோளாறுன்னு சொல்லிடு" என்று மேனேஜர் காதருகில் கிசுகிசுத்தார்.

"நான்தாங்க" என்றேன்.