ப்ளூபெர்ரிக் குழம்பு

மனைவி சுகன்யா இறந்த பிறகு பிரபுவுக்குக் காலையில் டீயோடு சரி. மருமகன் பாதியாகிவிட்டான் என்று கேள்விப்பட்டு, கீரனூரிலிருந்து மாமியார் ராமுத்தாய் திண்டுக்கல்லுக்கே வந்து சமையலைக் கையில் எடுத்தாள். ஆனால் அவள் மருமகன் முகம் பார்த்துப் பேசியறியாதவள். எதையும் மகள் வழியாகத்தான் சொல்வாள். இப்போது அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "வெறும் டீத்தண்ணியில ஒடம்பு என்னத்துக்குங்க ஆகும்?"

பிரபு டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனான்.

சுகன்யா தினமும் தயிரில் ஒரு கை கருநீல ப்ளூபெர்ரிப் பழம் போட்டுச் சாப்பிடுவாள். போன வாரம் பழக்கத்தில் ஒரு டப்பா வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தவன், அதைத் திறக்கவே இல்லை.

மறுநாள் மதியம் சோற்றில் கருத்த குழம்பு விழுந்தது. ஒரு வாய் வைத்தான். புளிப்பும் காரமும், நடுவில் ஓர் இனிப்பும்.

"என்ன குழம்பு அத்தை?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மணத்தக்காளிங்க. டவுன்ல இம்புட்டுப் பெருசா வெளையுது போல."

பிரபுவுக்கு மாதக்கணக்கில் வராத சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. ராமுத்தாய் ஓடிவந்து அவன் தலையில் தட்டினாள். "மெதுவாத் தின்னுங்க மாப்ள! என்னத்தக் கெடுத்துப்போட்டேன்?"

"கெடுக்கலை அத்தை. இது சுகன்யா தயிர்ல போட்டுச் சாப்பிடுற பழம்."

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, மிச்சப் பழம் கிடந்த டப்பாவை எடுத்து வந்து நீட்டினாள். "எப்படிப் போடுவா, காட்டுங்க."

மிச்சப் பழத்தைக் கழுவி இரண்டு கிண்ணத் தயிரில் போட்டான். "நீங்க உக்காந்தாத்தான் நான் சாப்பிடுவேன்."

மருமகன் எதிரே உட்கார்ந்து உண்டறியாதவள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.