சுவருக்குப் பின்னால் சேர்த்த தண்ணீர்

அப்பா காலத்திலிருந்தே இந்த நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் எங்கள் வீட்டுப் பொறுப்பு. மேற்பார்வை எனக்கு, பம்ப் என் தம்பிக்கு. மழை பொய்த்துவிட்டதால், கரி எடுத்து முடித்த பழைய பகுதியைச் சுவர் வைத்து அடைத்து, ஊறிவரும் நீரை அங்கே தேக்கினோம். தெளிந்ததைக் கரி வெட்டும் எந்திரத்தின் மீது தெளிப்போம். வழிவதை மறுபடி தேக்கத்துக்கே ஏற்றுவோம். தெளிக்காவிட்டால் ஒரு பொறி போதும், கரித்தூள் வெடிக்கும்.

அன்று சுவர் வியர்த்திருந்தது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் சிவப்புக் கோடு முங்கிக் கிடந்தது.

"மிச்சத் தண்ணி கீழ்ப் பள்ளத்துக்குப் போற குழாய் என்னடா ஆச்சு?"

"மூடிட்டேண்ணே. வீணாப் போகுதேன்னு..."

"யாரைக் கேட்டு மூடினே?"

"கோடையைத் தாண்டணும்ல? ஒரு சொட்டு சிந்தாத குடும்பம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறது நீதானே!"

சரிவின் அடியில் என் மகனும் அவன் கூட்டாளிகளும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் உடைந்தாலும் சரி, இவ்வளவு சேர்ந்தபின் நான் குழாயைத் திறந்தாலும் சரி, தண்ணீர் அவர்கள் மேல்தான் போய் விழும்.

கீழே போன் போட்டேன்.

"எல்லாரையும் கூட்டிட்டு மேல வாடா."

"என்னப்பா, குளிக்கத் தண்ணி விடப் போறீங்களா? சோப்பு எடுத்து வைக்கவா?"

"சுவர் போகப் போகுதுடா!"

சிரிப்பு அறுந்தது.

சுவரின் மூலையில் நீர் நூலாகப் பீய்ச்சியது. தம்பி ஓடிப்போய் அதில் முதுகைக் கொடுத்து நின்றான், ஏதோ அவன் முதுகு தாங்கிவிடும் என்பதுபோல.

"பிள்ளைங்க வரட்டும்ணே. திறந்துடாதே, உன் கால்ல விழறேன்."

விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. கடைசி விளக்கு என் மகன். அவன் எங்களைத் தாண்டியதும் குழாயின் வால்வைத் திருகித் திறந்தேன்.

விரிசல் விட்ட சுவர் இனித் தாங்காது என்று முழுக்க வடியவிட்டேன்; சேர்த்ததெல்லாம் சரிவின் அடியில் எண்ணெயும் சேறுமாகக் கிடந்த பள்ளத்தில் கொட்டியது. இனி அது தெளிக்க உதவாது. "போச்சே, போச்சே" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

மேலே, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் அடியில் மேலாளர் நின்றார்.

"யாருய்யா குழாயை மூடினது?"

தம்பி வாய் திறந்தான். அவனைப் பின்னுக்குத் தள்ளினேன்.

"எங்க வீடுதாங்க. இந்தாங்க, பம்ப் அறைச் சாவி."

வாங்கிக்கொண்டார். தெளிக்கத் தண்ணீர் இல்லை, மழை வரும்வரை யாருக்கும் வேலை கிடையாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

உயிரோடு ஏறி வந்தவர்கள் வாசலில் திரண்டு நின்றார்கள். ஒருவரும் வழிவிட நகரவில்லை. நானும் தம்பியும் மகனும் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனோம்.