கூண்டில்லாத கார்

உதிரிபாகக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் பந்தயப் படங்கள் பார்ப்போம். பார்ப்போம் என்பதைவிடத் தப்புக் கண்டுபிடித்துப் பிய்த்துப்போடுவோம் என்பதே சரி. நாலு கியர் வண்டியில் கதாநாயகன் ஒரே மூச்சில் ஆறு தடவை கியரை ஏற்றுவான். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்த வாரம் அவர் போட்ட படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதில் கதாநாயகனுக்குப் பதிலாகக் கார் ஓட்டியவன் என் அண்ணன். கடைசிப் பந்தயக் காட்சியை எடுக்கும்போது கார் உருண்டு செத்துப்போனான். அந்தக் காட்சியைக்கூட வெட்டாமல் படத்தில் வைத்தார்கள். சொன்ன வேகத்தை மீறி ஓட்டினார் என்று படக் கம்பெனி கைகழுவிவிட்டது. அண்ணியும் அதையே நம்பினாள். “என்னையும் பிள்ளையையும் விட அவருக்குக் கைதட்டல்தான் பெருசு” என்று சொல்லி, அண்ணனின் போட்டோவைக் கழற்றி பீரோவுக்குள் போட்டுவிட்டாள். இதெல்லாம் நண்பர்களுக்குத் தெரியாது. தனியாகப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல்தான் அவர்களோடு உட்கார்ந்தேன்.

கார் உருள ஆரம்பித்தது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினார் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவது அவர் தொழில். திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தார். “பந்தயம் பூரா உள்ள, கூரை நசுங்காம தாங்கற இரும்புக் குழாய்க் கூண்டு இருந்துச்சு. இப்ப பாருங்க, ஒரு குழாயும் இல்ல. பின்விளக்கு சதுரமா இருந்தது, இப்ப வட்டம். ஏதோ பழைய வண்டிக்குப் பெயின்ட் அடிச்சு ஏமாத்தியிருக்கானுங்க.”

“அடப்பாவிங்களா, தகர டப்பா!” கடைக்காரர் தொடையில் தட்டினார். “கூண்டு இல்லாம இத எவன்யா உருட்டினது?”

“மெதுவா உருட்டினாக்கூடக் கூரை தலையில இறங்கிடும். வேகமே தேவையில்ல. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

திரையில் கார் தலைகீழாக அந்தரத்தில் நின்றது. அதற்குள் என் அண்ணன் இன்னும் உயிரோடு இருந்தான்.

“எழுதித் தாங்க சார்” என்றேன். “உள்ள இருக்கறது எங்க அண்ணன். அதுலயே செத்துப்போனான்.”

கடைக்காரரின் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

“எழுதக்கூட வேண்டாம். எங்க அண்ணிகிட்ட வந்து, இப்ப சொன்னத அப்படியே சொன்னாப் போதும்.”

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஒரு ஷாட்ட வச்சு எப்படிச் சொல்றது? குழாய் நிழல்ல மறைஞ்சிருக்கலாம்.”

“பின்விளக்கு?”

“தூசி... வெளிச்சம்... நாம இதெல்லாம் ஜாலிக்குத்தானே பேசறோம்? நாளைக்கு கேஸு, கோர்ட்டுன்னு ஆச்சுன்னா என்னைத்தானே இழுப்பாங்க.”

“கேஸெல்லாம் இல்ல சார். அண்ணிகிட்ட மட்டும்.”

“அவங்க நாலு பேர்கிட்ட சொல்லாம இருப்பாங்களா?”

“விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு” என்று கடைக்காரர் ரிமோட்டை அழுத்தினார். கார் தரையில் மோதியது. அடுத்த காட்சியில் கதாநாயகன் நெற்றியில் சின்னப் பிளாஸ்திரியோடு இறங்கி வந்து கூட்டத்துக்குக் கையசைத்தான். அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை.

நான் எழுந்து நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கூண்டு இல்லாத காரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“யாரு சொன்னது?”

“ஒரு சர்வேயர். இதே தொழில்ல இருக்கறவர்.”

“கூட்டிட்டு வாங்க. என் முன்னாடி சொல்லட்டும்.”

“வரமாட்டார் அண்ணி.”

 அவள் சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள்.

“நீங்க அவருக்குத் தம்பி. வேற எப்படிச் சொல்லுவீங்க?”