கடைசி நிரையில் வாளிச் சத்தம்

பாம்பு என்றுதான் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்லித் தொலைப்பது?

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. கோலசிலாங்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்திருந்தார்கள். விடிந்து கேட்டைத் திறந்த பிறகுதான் பால் வெட்டப் போக முடியும். நான் வெட்டும் மரவரிசை கடைசி நிரை. அதைத் தாண்டினால் ஒரு சின்ன ஓடை, அப்புறம் காடு. காட்டுக்குள் அரசாங்கத்தோடு சண்டை போடும் கம்யூனிஸ்ட் ஆட்கள் துப்பாக்கியோடு இருந்தார்கள், ஓடைக்குத் தண்ணீர் எடுக்க வருவார்கள்.

அவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டால் போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் குடும்பத்தோடு லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சொன்னாலோ காட்டுக்காரன் சும்மா விடமாட்டான். பக்கத்து லயத்துச் செல்லன் பார்த்ததைச் சொன்னான். அவனை அவன் வெட்டிய மரத்திலேயே கட்டிச் சுட்டுப் போட்டிருந்தார்கள். அதனால் காட்டோரம் வெட்டுகிற நாங்கள் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஓடைப் பக்கம் திரும்புமுன் பால் வெட்டும் உளியின் பிடியால் வாளியைத் தட்டிவிட்டுச் சற்று நிற்போம். தண்ணீரில் இருக்கிறவன் உள்ளே போய்விடுவான். பிறகு நாங்கள் போவோம். யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை, உயிர்ப்பயம் சொல்லித்தந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி ஆர்தர் என்ற நம்மவர் ஒருவரைக் கோலாலம்பூரிலிருந்து அனுப்பியது. கிறிஸ்தவப் பையன், சீமையில் படித்தவர், பேச்சு மரியாதையாக இருக்கும். உள்ளங்கையில் ஒரு கடிகாரம். பொத்தானை அமுக்கினால் ஓடும், அமுக்கினால் நிற்கும். குனிவது, நிமிர்வது, உளி தீட்டுவது, அடுத்த மரத்துக்கு நடப்பது எல்லாவற்றையும் அளந்தார். வீண் அசைவை எடுத்துவிட்டால் அதே கூலிக்காரி கூடுதல் மரம் வெட்டலாமாம். என் கையும் காலும் என்ன தையல் மிஷினா?

"ஏம்மா, நடுவுல வாளியைத் தட்டிட்டு நிக்கிறீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டார்.

காட்டுக்காரனுக்குச் சைகை கொடுக்கிறேன் என்றால் அன்றைக்கே கதை முடிந்தது.

"பாம்புங்கய்யா. சத்தம் கேட்டா ஓடிப்போயிரும்."

மறுவாரமே காட்டோரம் வெட்டுகிறவர்களுக்கெல்லாம் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் வந்து இறங்கியது. நல்ல மனசுதான், பாவி மனுஷனுக்கு. பூட்ஸ் வந்தாயிற்று, இனி வாளி தட்டக்கூடாது, தட்டினால் அரை நாள் பேர்தான், பாதிக் கூலிதான் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சத்தம் போட்டுச் சொன்னார். அவருக்கும் விஷயம் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்றைக்கு ஆர்தர் என் பின்னாலேயே வந்தார். "நான் இருக்கேன்னு நினைக்காதீங்க. பேசாம வெட்டுங்க, நேரம் பிசகிடும்" என்றார். ஒவ்வொரு மரம் முடியும்போதும் ஓடை கிட்டே வந்தது. புதுப் பூட்ஸில் காலடிச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. வழக்கமாகத் தட்டும் மரத்தடியில் கை தானாக வாளிக்குப் போயிற்று.

"ம்ஹூம்," என்றார் பின்னாலிருந்து.

தட்டாமலே ஓடைப் பக்கம் திரும்பினேன். ஓடையில் ஒருவன் குந்தியிருந்தான். முகம் கழுவிக்கொண்டிருந்தான், தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் மகன் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்தான். மடியிலிருந்த துப்பாக்கி மேலே வந்தது. அது என்னைக் குறி வைக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கடிகாரத்தையே பார்த்தபடி வந்துகொண்டிருந்த ஆர்தரின் நெஞ்சைக் குறி வைத்தது.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. அப்படியே ஆர்தர்மேல் திரும்பி விழுந்து, இரண்டு கையாலும் அவரைப் பின்னுக்குத் தள்ளினேன்.

"யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? காலை மிதிச்சுக் கொன்னுட்டியேய்யா! உன் மணிக்கூட்டைத் தூக்கி ஓடையில போட!" ஓடையில் யாரையும் பார்க்காதவள் போல, தோட்டமே கேட்கக் கத்தினேன். முதுகு திறந்து கிடந்தது. இப்போது சுடுவான், இப்போது சுடுவான் என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் முதுகுச்சதை துள்ளியது.

சுடவில்லை. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் மட்டும் கலங்கிக் கிடந்தது.

ஆர்தர் கோபப்படவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா? நாளைக்கு மறுபடி அளந்துக்கலாம்" என்றார்.

நாளைக்கா? விட்டால் செத்துப்போவார். சொன்னால் நான் போவேன், என் வீட்டுக்காரர் தங்கராஜு போவார், பிள்ளைகள் போவார்கள். மேட்டுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் முடியவில்லை.

"ஐயா, அங்க பாம்பு இல்லீங்க. ஆளு. இப்பக்கூட இருந்தான். உங்களைத்தான் குறி பார்த்தான்."

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கடிகாரம் கையில் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த மறந்துவிட்டார். மத்தியானத்துக்குள் அவர் கார் கேட்டைத் தாண்டிவிட்டது. போகிற வழியில் போலீசில் சொல்வாரோ என்று அன்றெல்லாம் லோரிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். லோரி வரவில்லை. யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை, அவர் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அவர் போட்ட சட்டம் மட்டும் போகவில்லை. மறுநாள் பெரட்டில் நல்லசாமி, "வாளி தட்டக்கூடாது, தோட்டத்துத் துரை உத்தரவு" என்று மறுபடியும் சொன்னார்.

"வாயைத் திறக்கலாமா?" என்று கேட்டேன்.

நல்லசாமி பெயர்ப் புத்தகத்தை மூடினார். "வாயை யாரும் அளக்கல, புள்ள. கை நிக்காம இருந்தா சரி."

அன்றைக்கு ஓடைத் திருப்பத்துக்கு வந்ததும், வாளிச் சத்தத்துக்குப் பதிலாக, மரத்தைத் திட்ட ஆரம்பித்தேன். துரையைத் திட்டினேன், நல்லசாமியைத் திட்டினேன், பூட்ஸைத் திட்டினேன். கை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பையன் அங்கேதான் எங்கோ இருக்கிறான், என் முகம் அவனுக்குத் தெரியும் என்று தெரிந்தே திட்டிக்கொண்டு நடந்தேன். காடு அடங்கி, முள்கம்பி எடுத்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. கங்காவா, அது பொல்லாத வாயாச்சே என்று இன்றைக்கும் ஆள் ஒதுங்கிப் போகிறது. போகட்டும். வாயை மூடினால் எனக்கு இன்னும் முதுகு துள்ளுகிறது.