மூன்று ஊரில் செத்தவர்

செல்லங்களே, யாங்கூனில் பசுந்தாங் பேட்டை மக்தலேனாவை உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கால் மரத்துப்போனது உங்களுக்கும் உண்டு அல்லவா, அது போதும்.

அவள் கணவன் அமிர்தநாதன் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழுந்திருக்கவில்லை. உடலை யாங்கூனுக்கு அனுப்ப வழியில்லை என்று மேலே மலையில் பெத்ராகி என்ற கிராமத்துக் கல்லறையில் புதைத்தார்கள்.

அந்த ஊரில் குழி நமக்கே நமக்கென்று கிடையாதாம். மூன்று வருஷம் ஆனால் தோண்டி எடுத்து, எலும்பை ஒயினில் கழுவி, ஒரு பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைப்பார்கள். சொந்தக்காரர் கேட்டு எழுதாவிட்டால் பொதுக்குழி. கடிதம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள், இவள்தான் மனைவி என்று வார்டு ஆபீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வார்டு ஆபீஸில் எழுத்தர் உதயசூரியன். நம்மவர்தான், ஆனால் எல்லாரும் கூப்பிடுவதுபோல அவளும் பர்மிய மொழியில் ‘ஸயா’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றி மூன்று காகிதத்தையும் பார்த்தார். புதைத்த சீட்டில் பெத்ராகி. இறப்புச் சான்றிதழில் லிமனி. கடிதத்தின் தலையில் அந்தேயா நகராட்சி.

“ஒரு மனுசன் மூணு ஊர்லயா செத்தாரு? ஒரே ஊருன்னு அவங்க கிட்டேர்ந்து எழுதி வாங்கிட்டு வாங்க அக்கா.”

போனில் மொழிபெயர்த்து அந்த நகராட்சிக்கு எழுதினாள். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது, இரண்டு பக்கம். முத்திரை இல்லை, சரித்திரம் இருந்தது.

பெத்ராகிக்கு ஒரு காலத்தில் தனித் தலைவர் இருந்தாராம். பிறகு அதையும் சுற்றியுள்ள ஐந்து கிராமங்களையும் கீழே கடற்கரையில் இருந்த லிமனியோடு சேர்த்தார்கள். லிமனிக்காரர்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், 2011இல் லிமனியையும் பக்கத்து ஊரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். யார் பெயரை வைப்பது என்று பெரிய சண்டை. கடைசியில் எப்போதோ அழிந்துபோன அந்தேயா என்ற பழைய நகரத்தின் பெயரைத் தேடிப்பிடித்து வைத்தார்கள். அழிந்த ஊர் சண்டைக்கு வராது பாருங்கள். இப்போது நகராட்சி அந்தேயா, இறப்புப் பதிவேடு லிமனியில், கல்லறைச் சாவி பெத்ராகியில். பெத்ராகியின் பழைய முத்திரை தேயாததால் இன்னும் அதையே குத்துகிறார்களாம்.

மக்தலேனா இதையெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்து, உதயசூரியன் முன்னால் நின்று ஒப்பித்தாள். பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது.

“துருக்கிக்காரன் அந்த நாட்ட ஆண்ட காலத்துலேர்ந்து சொல்லுங்களேன்” என்றார் அவர்.

“அதுவும் எழுதியிருக்காங்க ஸயா, சொல்லட்டா?”

முத்திரை இல்லாத காகிதம் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்.

மூன்றாவது முறை போனபோது மாதம் முடிய இரண்டு நாள். அவள் நகரத்தின் சரித்திரத்தை எடுக்கவே இல்லை. புருஷனுடைய காகிதங்களை மேசைமேல் பரப்பினாள். ஞானஸ்நானச் சீட்டில் க்யிம்யிண்டைங். அடையாள அட்டையில் பசுந்தாங். அவள் தையல் ஃபாக்டரிக்குப் போன காலத்து வீட்டில் இருப்போர் பட்டியலில் லைங் தாயா. மூன்றும் யாங்கூனுக்குள்ளேயே இருக்கிற பேட்டைகள்.

“இப்ப நீங்க சொல்லுங்க. இவரு எத்தன பேரு?”

உதயசூரியன் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார். அந்தப் பெட்டியை இங்கே கொண்டுவரவா போகிறீர்கள், அது எங்கே இருந்தால் என்ன என்று கேட்டார். சண்டைக்குக் கேட்டதுபோல் இல்லை.

“இங்க கொண்டார முடியாது. ஆனா பேரு போட்டு இருக்கும்ல.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் நம் யாங்கூனுக்கு நடுவில் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தை எடுத்தார்களே, அவரவர் ஆட்களை அவரவர் தோண்டிக்கொண்டு போங்கள் என்று நாள் குறித்தார்களே, உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

“எங்கம்மாவ எடுக்க ஒரு நா லேட்டாப் போனேன்” என்றார். “ஏதோ ஒரு பேப்பர் சரியில்லன்னு அலைய விட்டாங்க. போனா, தரை சமமா இருந்துச்சு.”

பிறகு பேனாவை எடுத்தார். மனைவி என்பதற்கு இரண்டே வரி. அதோடு நிற்கவில்லை, க்யிம்யிண்டைங், பசுந்தாங், லைங் தாயா எல்லாம் யாங்கூன்தான், ஆள் ஒருவர்தான் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு முத்திரை குத்தினார்.

“இவ்வளவு எதுக்கு ஸயா?”

“அவங்களும் கொஞ்சம் படிக்கட்டும்.”

மூன்று வாரம் கழித்து போனில் ஒரு படம் வந்தது. தகரப் பெட்டி, மூடியில் அமிர்தநாதன் என்று அவர்கள் எழுத்தில். ஊர்ப் பெயர் எதுவும் போடவில்லை. நல்லவேளை என்றாள் மக்தலேனா.