கழற்றிப் பார்க்காத பிஸ்டன்

இப்போது ஜனங்கள் நடந்துகொள்கிற விதமே தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை. பெற்ற தகப்பன் இருக்கிறானா போனானா என்று ஒரு போன் போட மாட்டார்கள். செத்த இரும்பைக் காயலான் கடையில் பொறுக்கி வந்து, தேய்த்துக் கழுவி, கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். பட்டுத்தறி வைத்திருக்கும் சந்திரமோகன் வீட்டு மாடியில் அப்படி இருபத்திரண்டு. எல்லாம் மரம் அறுக்கிற பழைய செயின்சா மெசின்கள்.

இருபத்து மூன்றாவதைக் காலையில் தணிகாசலமே தோளில் சுமந்து வந்தார். பதினெட்டு வருஷம் பெரணமல்லூர், வெம்பாக்கம் என்று சுற்றிப் புளியும் வேம்புமாய்ச் சாய்த்த மெசின். ஒருநாள் பாதி மரத்தில் நின்றது. அப்புறம் எழவே இல்லை. வேலூர் மெக்கானிக் ஒருவன் கயிற்றை நாலு தரம் இழுத்துவிட்டு, "பெட்ரோல்ல ஆயில் கலக்காம மிச்சம் புடிச்சி பிஸ்டன கருக்கிட்ட பெரிசு" என்றான். அந்தப் பேச்சு ஆரணி முழுக்கப் பரவிற்று. மெசினைக் கொன்றவனை யார் மரத்துக்குக் கூப்பிடுவார்கள்? பதினைந்து வருஷமாக அரிசி மில்லில் வாட்ச்மேன் வேலை. ஆயிலை அளந்துதான் ஊற்றினோமா என்று இப்போது அவருக்கே சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார்.

சந்திரமோகன் சைலன்சரைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்தான்.

"இங்க வந்து பாருங்க பெரியவரே."

தணிகாசலம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். கம்பெனியில் கடைசல் பிடித்தபோது விழுந்த கோடுகள், தலைமயிரைவிட மெல்லிசாக, ஒன்றையொன்று தொடாமல் பிஸ்டனைச் சுற்றி அப்படியே இருந்தன. ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் அவை தேய்ந்து அழிந்திருக்கும். அத்தனை வருஷத்து மரமும் அதில் ஒரு கீறல் போடவில்லை.

"புதுசு மாத்திட்டுக் காட்டறியா நைனா?"

"உங்க கண்ணு முன்னாடிதானே கழட்னேன்! இதுக்குப் புதுசு எந்த ஊர்ல கெடைக்குதுன்னு சொல்லுங்க, நானும் வாங்கிகினு வரேன்."

கோளாறு சிலிண்டருக்கு அடியில் இருந்தது. கேஸ்கட் அட்டை கிழிந்து காற்று போயிருந்தது. புடவைக்குப் பூப்போடுகிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்தாத ஒன்றை எடுத்து, பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டி, எண்ணெய் தடவிப் பொருத்தினான் சந்திரமோகன். கார்புரேட்டரைக் கழுவினான், டியூபை மாற்றினான், கயிற்றை இழுத்தான்.

மூன்றாவது இழுப்பில் இருமியது. ஐந்தாவதில் கத்தியது பாருங்கள், மாடிச் சுவரே அதிர்ந்தது! கீழே தறிகளை நிறுத்திவிட்டு நெசவாளர்கள் படியேறி வந்தார்கள். தணிகாசலம் எப்போது செருப்பைக் கழற்றினார், எப்போது கை கூப்பினார் என்று அவருக்கே தெரியாது.

சத்தம் அடங்கியதும் சந்திரமோகன் சிரித்தான். "உங்க மேல தப்பே இல்ல. எடுத்துகினு போங்க."

"அட்டையில ஓடற மெசினு, எத்தினி நாளைக்கு?" என்றார் தணிகாசலம். "நீயே வெச்சி ரெண்டு மாசம் மரம் அறுத்துப் பாரு. நின்னுபோச்சின்னா அந்த வேலூர்க்காரன் சொன்னதுதான் நெசம்."

பதினைந்து வருஷம் நம்பிய பழியை ஒரே காலையில் விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் மில் பக்கமாக நடந்தார்.